எங்கள் அணிப் பெடியன் வேறு கல்லூரிக்குப் போக யோசிக்கிறானாம், கோபப்படுவதா வாழ்த்துவதா?

உவர்மலைப் பெடியன்:

வணக்கம். திருகோணமலையில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்க்கிற ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று தெரியாது, ஆனால் இதை உங்களிடம்தான் கேட்கமுடியும். வீட்டில் சொன்னால் "எங்கேயோ இருக்கிற பெடியன் கல்லூரி மாறினால் உனக்கு என்ன வந்தது" என்று அம்மா கேட்கிறார்.

நான் இந்த ஆட்டத்துக்குள் வந்தது 2022 மார்ச்சில். மின்வெட்டுக் காலம், எல்லாருக்கும் நினைவிருக்கும். கரண்ட் இருக்கிற நேரத்தில் போனைச் சார்ஜ் போட்டுவைத்து, விடியற்காலை 5 மணிக்கு எழும்பி, செயின்ட் பீட்டர்ஸ் என்ற பெயரை முதல் தடவையாகக் கேள்விப்பட்டேன். ஜேர்சி சிட்டியில் இருக்கிற சின்னக் கல்லூரி. கல்லூரிகளுக்கான தேசியச் சுற்றுப்போட்டியில் தங்கள் பிரிவில் 15ஆம் இடம் கொடுக்கப்பட்ட அணி, 2ஆம் இடத்திலிருந்த கென்டக்கியை மேலதிக நேரத்தில் 85-79 என்று வென்றது. அப்புறம் மறே ஸ்டேட், அப்புறம் பர்டியூ. 15ஆம் இடத்து அணி ஒன்று கடைசி எட்டுக்குள் போனது அதுதான் முதல் தடவை. அங்கே நோர்த் கரோலைனாவிடம் தோற்றது, அழுதேன். அழுது முடிப்பதற்குள் கோச் ஷஹீன் ஹொலவே சீட்டன் ஹோலுக்குப் போய்விட்டார், டக் எடர்ட் பிரையன்டுக்கு, டரில் பேங்ஸ் செயின்ட் பொனவென்ச்சருக்கு. அவ்வளவுதான், அந்த அணி இல்லை.

இப்போது விஷயம். இரண்டு வருடமாக வேறொரு சின்னக் கல்லூரி அணியைப் பார்க்கிறேன். அதில் ஒரு இடதுகைக்காரன். முதல் வருடம் பாதி நாள் வாங்கிலேதான் இருந்தான், இந்த வருடம் அணியே அவனைச் சுற்றித்தான். ஃப்ரீ த்ரோ எடுக்கும்போது பந்தை மூன்று தடவை தட்டி, ஒரு நொடி கண்ணை மூடிவிட்டு எறிவான், நானும் இங்கே மைதானத்தில் அப்படித்தான் எறிகிறேன். அவன் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது கல்லூரி மாற விரும்புகிற ஆட்டக்காரர்களின் பட்டியலில், பெயர் கொடுக்க யோசிக்கிறான் என்று போன கிழமை செய்தி வந்தது. அவன் இன்னும் வாயே திறக்கவில்லை, அதனால் அவன் பெயரையோ கல்லூரியின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. ஆனால் ரசிகர் பக்கங்களில் நன்றி கெட்டவன், காசுக்கு விலைபோனவன் என்று ஏசித் தள்ளுகிறார்கள். நானும் கோபத்தில் ஒரு வரி எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

நீங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்? கோபம் வருவது சரியா, பிழையா?

---

துறைமுக வீதி:

தம்பி, முதலில் போர்ட்டல் என்றால் என்னவென்று சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிக் கோபம் அது விளங்காததால் வருகிறது. பெயர் கொடுப்பதும் போவதும் ஒன்றல்ல. பெயர் கொடுத்தால் மற்றக் கல்லூரிகள் அவனுடன் நேரடியாகக் கதைக்கலாம், அவ்வளவுதான். பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பழைய இடத்திலேயே இருந்தவர்களும் உண்டு. ஆனால் துணிந்துதான் கொடுக்கவேண்டும், ஏனென்றால் பெயர் கொடுத்தபின் அடுத்த தவணைக்குப் புலமைப்பரிசிலைத் தொடர்ந்து கொடுக்கவேண்டிய கட்டாயம் பழைய கல்லூரிக்கு இல்லை. 2025 வசந்தத்தில் கல்லூரிக் கூடைப்பந்தின் உச்ச நிலையான ஆண்கள் முதற்பிரிவில் மட்டும் 2,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். அதில் இருக்கிற கல்லூரிகள் ஏறத்தாழ 360. எல்லாருக்கும் நல்ல இடம் கிடைக்குமா?

இந்தப் போர்ட்டல் 2018 ஒக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன்பு வேறு கல்லூரி ஒருவனுடன் கதைப்பதற்கே பழைய கல்லூரி அனுமதி கொடுக்கவேண்டும், மாறினால் பெரும்பாலும் ஒரு வருடம் விளையாடாமல் உட்காரவேண்டும். 2021இல் ஒரு தடவை உட்காராமல் மாறலாம் என்றார்கள், 2024 ஏப்ரலில் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவையும் மாறலாம் என்று ஆனது. நடுவில் 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு கல்லூரியே நேரடியாகக் காசு கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை. உங்கள் சின்னக் கல்லூரியால் அதன் பக்கத்திலும் போகமுடியாது.

கோச்மார் போவதையும் கொஞ்சம் பாருங்கள். 2023 மார்ச்சில் ரிக் பிட்டினோ ஐயோனாவை விட்டு செயின்ட் ஜோன்ஸுக்குப் போனார். அடுத்த நாளே அந்த இடத்துக்கு டோபின் அண்டர்சன் வந்தார். அவர் யார்? சில நாள் முன்புதான் ஃபெயர்லி டிக்கின்சன் அணியை வைத்து, 1ஆம் இடத்து பர்டியூவை 63-58 என்று வீழ்த்தியவர். அந்த அணி போட்டியிலிருந்து வெளியேறி இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவர்களை ஒருவரும் துரோகி என்று சொல்லவில்லை, உயர்ந்துவிட்டார் என்று சொன்னார்கள். பிட்டினோ போனபின் ஐயோனாவில் நின்ற வோல்டர் கிளேட்டன் ஜூனியர் புளோரிடாவுக்கு மாறினான். 2025 இறுதியாட்டத்தில் புளோரிடா ஹூஸ்டனை 65-63 என்று வென்றதே, கடைசி நொடிகளில் ஓடிப்போய் எறிய விடாமல் மறித்தது அவன்தான். அதே அணியில் அலைஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து வந்தவன், வில் ரிச்சர்ட் பெல்மொன்டிலிருந்து. கிண்ணத்தைத் தூக்கியவர்களில் மூன்று பேர் சிறிய கல்லூரிகள் வளர்த்த பிள்ளைகள்.

அதனால் என் பதில்: கவலைப்படுங்கள், ஏசாதீர்கள்.

---

பழைய பயிற்றுநர்:

நான் இங்கே பெடியன்களுக்கு இருபது வருடத்துக்கு மேல் கூடைப்பந்து பழக்கியவன். இந்த அமெரிக்கக் கணக்குகள் எனக்குப் புதிது, ஆனால் தம்பி கேட்ட கேள்வி புதிதல்ல.

ஒன்று சொல்லவேண்டும். கிழக்கில் இந்த ஆட்டம் இவ்வளவு வேரூன்றியதற்கு லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைச் சுவாமிமாரும் ஒரு காரணம். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் யூஜின் ஹெபேர்ட் சுவாமி பழக்கிய அணிகளைப் பற்றி என் வயதுக்காரர் இன்றைக்கும் கதைப்பார்கள். 1948இல் வந்தவர், திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்தார், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். தம்பி விடியற்காலையில் பார்த்த செயின்ட் பீட்டர்ஸும் இயேசு சபைக் கல்லூரிதான். அந்த ஆட்டம் எங்களுக்கு அந்நியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது என் கதை. என்னிடம் ஒருவன் இருந்தான். தகப்பன் இல்லை, தாய் இடியப்பம் அவித்து விற்றவர். ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தான், சாதாரண தரம் எழுதும்போது ஆறடி இரண்டு அங்குலம். பத்து வருடத்தில் நாங்கள் மாகாணத்தைத் தாண்டுவதற்கு இருந்த ஒரே வாய்ப்பு அந்தப் பெடியன்தான். கொழும்பில் ஒரு பெரிய பாடசாலை விடுதி, சாப்பாடு, சப்பாத்து எல்லாம் தருகிறோம் என்று சொல்லி உயர்தரத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் இரவு ரயில் ஏறுகிற அன்று என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினான், நான் போகவில்லை. கோபம். அவன் மேல் அல்ல என்று இப்போது தெரியும், ஆனால் அன்றைக்கு அவன் மேல்தான் காட்டினேன்.

அவன் அங்கே முதல் வருடத்திலேயே முழங்காலை உடைத்துக்கொண்டான். அந்தப் பாடசாலை அடுத்த தவணையில் விடுதியை நிறுத்தியது. அவன் திரும்பி வந்தபோது நேரே என்னிடம் வரவில்லை, வெட்கப்பட்டிருக்கிறான். நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் வந்திருப்பான். மூன்று மாதம் கழித்துத்தான் அவன் வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியும்.

தம்பி, கோபம் வரும், அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். அந்த வரியை அனுப்பாமல் அழித்தீர்களே, அது நல்ல வேலை.

---

அலஸ்தோட்டம் 23:

எல்லாரும் ஒரே பக்கம் கதைப்பதால் மறுபக்கம் சொல்கிறேன், குறை நினைக்கவேண்டாம் சேர்.

ரசிகனுக்கும் ஒன்று கிடைக்கவேண்டும். ஒவ்வொரு நவம்பரிலும் புதிதாக ஐந்து பெயர் மனப்பாடம் செய்வதற்கு நான் கல்லூரி ஆட்டம் பார்க்கவில்லை, அதற்குத் தொழில்முறை ஆட்டமான என்பிஏ போதும். கல்லூரி ஆட்டத்தின் ருசியே ஒரு பெடியன் முதல் வருடம் தடுமாறி நான்காம் வருடம் நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பதுதான். சாக் ஈடியைப் பாருங்கள். துறைமுக வீதி சொன்ன அதே 63-58 தோல்வியில் நின்றவன் அவன். 7 அடி 4 அங்குலம், அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரன், நாடே சிரித்தது. கனடாக்காரன் என்பதால் மாணவர் விசாவில் இருந்துகொண்டு மற்றவர்கள் மாதிரி விளம்பரக் காசும் உழைக்கமுடியாது. பர்டியூவுக்கே திரும்பி வந்தான், அடுத்த வருடம் அதே அணியை இறுதியாட்டம் வரை கொண்டுபோனான், யூகோனிடம் 75-60 என்று தோற்றபோதும் 37 புள்ளி அவனுடையது. தோற்ற இடத்திலேயே நின்று திருப்பிக் கொடுத்தான். அதைப் பார்க்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் வேறு எந்த ஆட்டத்திலும் வரவில்லை.

போகிற பிள்ளையை ஏசுவது அசிங்கம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நிற்கிறவனைக் கூடுதலாகக் கொண்டாட எனக்கு உரிமை இருக்கிறது. எல்லாரும் போகலாம், போவதுதான் புத்தி என்று பேசிப் பேசி, நிற்கிறவனை ஏமாளி ஆக்கிவிடாதீர்கள்.

---

நிலாவெளி மகள்:

பழைய பயிற்றுநர் சேர் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நான் ரயில் ஏறிய பக்கத்து ஆள்.

சாதாரண தரம் முடிந்ததும் கொழும்பிலிருந்து என்னைக் கேட்டார்கள். இங்கே எங்கள் பாடசாலையில் பெண்கள் அணிக்கு ஒழுங்கான கோர்ட் இல்லை, சீமெந்துத் தரை வெடித்து, மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும். சுற்றுப்போட்டிக்குப் போக வான் பிடிக்க ஒவ்வொரு வீட்டிலும் காசு சேர்க்கவேண்டும், அந்தக் காசு இல்லாததால் ஒரு முறை போகவேயில்லை. அங்கே மரத்தரை, உள்ளரங்கு, பிசியோ. நான் யோசித்தது ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் ஊரில் கதை பரவி, நான் முடிவு எடுப்பதற்கு முன்பே எல்லாரும் எனக்காக முடிவு எடுத்துவிட்டார்கள். அணித் தோழிகளில் இரண்டு பேர் கதைப்பதை நிறுத்தினார்கள். ஒரு மிஸ் வகுப்பில் வைத்தே "வளர்த்த இடத்தை மறக்கிறவர்கள்" என்று பெயர் சொல்லாமல் சொன்னார். எனக்கு அப்போது 16 வயது.

சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, அந்த மாதத்தின் முதல் இரண்டு கிழமையும் நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏச்சு தொடங்கிய பிறகுதான் போய்விடுவோம் என்று தோன்றியது. ஆகவே உவர்மலைத் தம்பி, அந்தப் பெடியன் இப்போது போனைத் திறந்தால் என்ன வாசிப்பான் என்று யோசித்துப் பாருங்கள். இருபது வயது இருக்குமா? அவன் நிற்கவேண்டும் என்று ஆசைப்படுகிற ரசிகர்களே அவனைப் பேருந்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

அலஸ்தோட்டம் சொன்னதும் எனக்குப் பிடித்தது. எனக்குப் பதிலாக அணித்தலைவி ஆன பிள்ளை கடைசி வரை இங்கேயே நின்று, வெடித்த கோர்ட்டிலேயே விளையாடி முடித்தாள். அவளுக்காக ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. போன வருடம் அவளைக் கண்டு கதைத்தேன், இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள். கொழும்பு எப்படி இருந்தது என்று கேட்டாள், உண்மையைச் சொன்னேன். தரை நல்லது, சனிக்கிழமைகளில் அழுகை வரும்.

---

பழைய பயிற்றுநர்:

மகள், அந்த மிஸ்ஸுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். நாங்கள் பிள்ளைகளிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாது.

---

உவர்மலைப் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

கவலை போகவில்லை, ஆனால் அது யார் மேல் என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது. ரசிகர் பக்கத்தில் ஏசிக்கொண்டிருந்தவர்களுக்குக் கீழே, இந்த வருடம் அவன் ஆடியதில் எனக்குப் பிடித்த மூன்று ஆட்டங்களைப் பற்றி எழுதினேன், போவதைப் பற்றியோ நிற்பதைப் பற்றியோ ஒன்றும் எழுதவில்லை. இலங்கையிலிருந்து ஒருவன் பார்க்கிறானா என்று ஒரு வயதான ரசிகர் கேட்டிருந்தார். அவருடன் கொஞ்ச நேரம் கதைத்தேன், அவர் 40 வருடமாக அந்த அணியைப் பார்க்கிறாராம். அவன் முடிவு இன்னும் வரவில்லை.

அக்கா, உங்கள் தோழி பழக்குகிற பிள்ளைகளுக்குப் பந்து காணாது என்றால் சொல்லுங்கள், எங்கள் பெடியன்களிடம் இரண்டு சும்மா கிடக்கிறது, காற்றுத்தான் போய்விட்டது. பம்ப் இருக்கிறது, ஊசி இல்லை.

---

நிலாவெளி மகள்:

ஊசி அவளிடம் இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குக் கொண்டு வாருங்கள். சேர், நேரம் இருந்தால் நீங்களும் வாருங்கள், இடதுகைப் பிள்ளை ஒன்று இருக்கிறாள், அவளுக்கு லே-அப் எப்படிச் சொல்லிக்கொடுப்பதென்று தெரியவில்லையாம்.