பஃபர்ல (பிஎச் மாறாத கரைசல்) விட்டதும் கலரே காணோம், என் டை (ஒளிரும் சாயம்) செத்துப்போச்சா? உதவி ப்ளீஸ்

லேப்_எலி:
உயிரோட இருக்குற செல்லுக்குள்ள பாக்க சிலிக்கான் ரோடமைன்ங்கற டை ஒண்ணு பண்ணேன். ஓரத்துல இருக்குற டைமெத்தில் அமினோ குரூப்ப எடுத்துட்டு ரெண்டு பக்கமும் அசெட்டிடின்ங்கற நாலு அணு வளையம் போட்டா பளிச்சுனு ஆகும்னு படிச்சிருந்தேன், அதோட நிறுத்தாம வளையத்துக்கு ஒரு ஃப்ளோரின் வச்சா இன்னும் நல்லாருக்கும்னு ஆசைப்பட்டு அதையும் வச்சுட்டேன். மூணு மாசம் போச்சு. மூலக்கூறு சரியான்னு பாக்குற என்எம்ஆர், மாஸ் ஸ்பெக்ட்ரம் ரெண்டும் சுத்தம். ஆனா பிஎச் 7.4 பஃபர்ல விட்டா பச்சத்தண்ணி மாதிரி நிக்குது, ஒளிர்றத அளக்குற ஃப்ளோரோமீட்டர்ல கோடு தரையோட தரையா போகுது. குப்பைல போட்டுறலாமா?

ட்விஸ்ட்_மன்னன்:
டிஐசிடியா இருக்கும் ப்ரோ. அமினோ முறுக்கிக்கிட்டா எனர்ஜி ஒளியா வராம வீணாப்போகும். கிளிசரால் கலந்து பாருங்க, கெட்டியா இருந்தா முறுக்க முடியாது.

குவெட்_காவலன்:
அந்த முறுக்கலக் குறைக்கத்தானே அசெட்டிடினே போட்டாங்க? அதுவுமில்லாம முறுக்குனா ஒளிதான் குறையும், கலர் எங்க போகும்? எலி, "மங்கல்"னு மொத்தமா சொன்னா ஒண்ணும் புரியாது. பிரகாசம்னா ரெண்டோட பெருக்கல், எவ்ளோ ஒளிய உள்ள வாங்குதுங்கறது ஒண்ணு, வாங்குனதுல எவ்ளோ திருப்பித் தருதுங்கறது இன்னொண்ணு. டிஎம்ஆர்ங்கற சாதா ரோடமைன எடுத்துக்கோ, தண்ணில எப்சிலான் (உள்ள வாங்குறது) 78,000, குவாண்டம் யீல்டு (திருப்பித் தர்றது) 0.41. அசெட்டிடின் போட்டதும் 1,01,000, 0.88 ஆச்சு, அதாவது ரெண்டே முக்கால் மடங்கு, அதுல பெரும்பங்கு யீல்டுல வந்தது. உனக்கு இதுல எது விழுந்துச்சு? அப்சார்ப்ஷன் எடுத்தியா?

லேப்_எலி:
இப்பதான் எடுத்தேன். 635 நானோமீட்டர் பக்கம் ஒண்ணுமே இல்ல. ஒண்ணா சேந்து கட்டியாயிடுச்சோ?

குவெட்_காவலன்:
கட்டியானா மெயின் பீக்குக்கு நீலப்பக்கம் ஒரு தோள் எழும்பும், கலர் மொத்தமா ஓடிப்போகாது. இது வேற கேஸ்.

லேப்_எலி:
இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். டிஎல்சி தட்டுல (கலவையப் பிரிச்சுப் பாக்குற, சிலிக்கா பூசின தட்டு) புள்ளி வச்சப்ப நல்ல நீலமா வந்துச்சு! குப்பில கலரே இல்ல, தட்டுல மட்டும் நீலம்.

பழைய_ரோடமைன்:
அத மொதல்லயே சொல்லிருந்தா இவ்ளோ பேச்சே வேணாம் தம்பி 😄 சிலிக்கா கொஞ்சம் ஆசிட், அது டைக்குள்ள மூடிக் கிடந்த வளையத்தத் திறந்து விட்டுருச்சு. உன் டை சாகல, பஃபர்ல லாக்டோன்ங்கற வளையமா மூடிக்கிச்சு. கீழ தொங்குற கார்பாக்சில் நடு கார்பனப் போய் புடிச்சுக்கிட்டா டபுள் பாண்ட் தொடர் அந்த இடத்துல அறுந்துரும், அப்புறம் கலர் எங்கேர்ந்து வரும். சாதா ரோடமைன்ல ஆக்சிஜன் இருந்த எடத்துல சிலிக்கான் வச்சாலே மூடுற பக்கம் சாயும், நீ எலக்ட்ரான இழுக்குற ஃப்ளோரின வேற வச்சிருக்க, நடு கார்பன் இன்னும் பசியாயிடுச்சு. உன்னுது மாதிரியே ஆனா ஃப்ளோரின் இல்லாத ஜேஎஃப்646ங்கற டைக்கே தண்ணில எப்சிலான் வெறும் 5,000தான், முழுசாத் திறந்தா ஒன்றரை லட்சம் கிட்ட போகும். ட்ரைஃப்ளோரோ எத்தனால்ல 0.1% டிஎஃப்ஏ ஆசிட் சேத்து அளந்து பாரு. ஹாலோடாக்ல (செல்லுக்குள்ள டைய புடிச்சு வைக்கிற புரோட்டீன்) ஒட்டுற வால் மாட்டியிருக்கியா?

லேப்_எலி:
மாட்டியிருக்கேன் அண்ணா.

பழைய_ரோடமைன்:
அப்ப பஃபர்ல அளந்து மனசொடிஞ்சதெல்லாம் வேஸ்ட். சும்மா சுத்துறப்ப இருட்டா இருந்து புரோட்டீன்ல ஒட்டுனதும் திறக்குற டைதான் செல்லுக்கு வேணும், கழுவாமலே படம் எடுக்கலாம். மூடுன மூலக்கூறுல சார்ஜ் வெளிய தெரியாது, மெம்பிரேன சுலபமாத் தாண்டும்.

லேப்_எலி:
ரெண்டு நாள் கழிச்சு வரேன். டிஎஃப்ஏ சொட்டு விழுந்த நிமிஷம் அளக்குற குவெட் குப்பிக்குள்ள பேனா மை கலைஞ்ச மாதிரி நீலம் பரவுச்சு, கை நடுங்கிடுச்சு எனக்கு. நியூக்ளியஸ்ல இருக்குற ஹிஸ்டோன் புரோட்டீன்ல ஹாலோடாக் வச்ச செல்லுலயும் போட்டேன், கழுவல. நியூக்ளியஸ் மட்டும் எரியுது, சுத்தி கருப்பு. ஆனா சிங்கிள் மாலிக்யூல் (ஒவ்வொரு மூலக்கூறா தனித்தனியா) பாக்கணும், அதுக்கும் இதுவே போதுமா?

பழைய_ரோடமைன்:
அதுக்கு ஃப்ளோரின் இல்லாதத எடு. ரொம்ப மூடுற டை புரோட்டீன்ல ஒட்டுனாலும் சிலது மூடியே கிடக்கும், அந்த மூலக்கூறு உன் கண்ணுக்கே தெரியாது. பின்னணி இருட்டா வேணுமா, எல்லாமே திறந்து எரியணுமான்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு அசெட்டிடின் வளையத்துல கை வை.

லேப்_எலி:
சரிண்ணா, நாளைக்கே வெறும் அசெட்டிடின் போட்டு ரியாக்ஷன் வைக்கிறேன். இந்த டை குப்பிக்கும் லேபிள் ஒட்டி ஃப்ரீசர்ல போட்டாச்சு.