முதல் ஆல்பத்தை எல்லைத் தமிழிலேயே பாடலாமா? ஒரு பாப்-பங்க் குழுவின் கேள்வி

கேள்வி: வேலந்தாவளம் பேஸ்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் எல்லையோர ஊர்களைச் சேர்ந்த நான்கு பேர் நடத்தும் பாப்-பங்க் (வேகமும் எளிய மெட்டும் கொண்ட ராக் இசை) குழுவில் நான் பேஸ் கிதார் வாசிக்கிறேன். கல்லூரி விழாக்களிலும் கோயம்புத்தூரின் சிறிய அரங்குகளிலும் வாசித்துப் பழகிய ஒன்பது சொந்தப் பாடல்களை எங்கள் முதல் ஆல்பமாகப் பதிவு செய்ய முடிவெடுத்திருக்கிறோம். எந்தப் பாடலும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது.

எங்களுக்குள் இன்னும் தீராமல் இருப்பது மொழி பற்றிய விவாதம். கொங்குத் தமிழில் மலையாளச் சொற்கள் தாமாகவே கலந்த பேச்சில் வளர்ந்தவர்கள் நாங்கள். பாடல்களும் அந்தப் பேச்சில்தான் பிறந்தன. தமிழ் வழியில் படித்துவிட்டு மலையாளத்தில் விண்ணப்பம் எழுதத் திணறுவது, வில்லேஜ் ஆபீசில் சான்றிதழுக்குக் காத்து நிற்பது, வாளையாற்றைத் தாண்டினால் கேரளக்காரன் என்றும் இந்தப் பக்கம் திரும்பினால் பாண்டி என்றும் அழைக்கப்படுவது, இவையே எங்கள் பாடுபொருள். சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு விளங்காது, ஆகவே திரைப்பாடல்களில் வரும் பொதுத் தமிழுக்கு வரிகளை மாற்றிவிடலாம் என்று எங்கள் பாடகர் கருதுகிறார். மாற்றிப் பாடிப் பார்த்தால் வேகமான இடங்களில் சொற்கள் தாளத்துக்குள் அடங்க மறுக்கின்றன.

ஒரு பழைய திரைப்பாடலை எங்கள் பாணியில் வாசித்து ஆல்பத்தின் இறுதியில் சேர்க்கலாமா? கையில் உள்ள சிறு தொகையை டிரம்ஸ் பதிவுக்குச் செலவிடுவதா, பதிவான ஒலிகளை அளவாகக் கலக்கும் மிக்ஸிங்குக்குச் செலவிடுவதா? இவற்றுக்கும் விடை வேண்டும்.

மறுமொழி: கொல்லங்கோட்டுக்காரன்

தம்பி, உங்கள் பேச்சை மாற்ற வேண்டாம். இதை ஊர்ப்பற்றினால் மட்டும் சொல்லவில்லை. 1976-இல் வெளிவந்த ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள் ஏறத்தாழ 29 நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. அதைப் பதிவு செய்ய ஆன செலவு சுமார் 6,400 டாலர்தான். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த அந்த இளைஞர்கள் தங்கள் தெருவையும் தங்கள் சலிப்பையும் பாடினார்கள். பாப்-பங்க் என்று பின்னாளில் பெயர் பெற்ற இசைக்கு வித்து அங்கேதான் இருக்கிறது. நம் மாநிலத்திலும் கொச்சியின் 13 ஏடி, மதர்ஜேன் போன்ற குழுக்கள் ஆங்கிலத்தில் பாடிப் பெயர் பெற்றன. ஆனால், 2008-இல் அவியல் குழு தன் முதல் ஆல்பத்தை மலையாளத்திலேயே கொண்டுவந்தபோதுதான், வீட்டில் பேசும் மொழியிலும் ராக் பாடலாம் என்ற துணிவு இங்குள்ள பிள்ளைகளுக்கு வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2018-இல் சென்னையில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவும் கானாவின் பேச்சைத் திருத்தி எழுதவில்லை; அந்தப் பேச்சுக்கு வெகுதூரத்தில் வளர்ந்த என்னை அந்தப் பாடல்கள் முழுமையாக ஆட்கொண்டன.

சொற்கள் தாளத்துக்குள் அடங்காததற்குக் காரணம் யாப்பிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 180 தாள அடி (பீட்) என்ற வேகத்தில் ஒரு வினாடிக்கு மூன்று அடிகள் விழும். அடியைப் பாதியாகப் பகுத்தால் ஆறு துடிப்புகள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்ற பழைய கணக்கை அப்படியே இதன்மேல் வைத்துப் பாருங்கள்: குறிலுக்கு அரை அடி, நெடிலுக்கு முழு அடி. நெடிலை அரை அடிக்குள் திணித்தால், நீங்கள் ‘பாடம்’ என்று பாடுவது கேட்பவர் காதில் ‘படம்’ என்றுதான் விழும். கொங்குப் பேச்சின் ‘என்ற’ இரண்டு துடிப்பில் முடிகிறது. அதை ‘என்னுடைய’ என்று மாற்றிய உடனே நான்காக நீள்கிறது. இந்த நீளம் வரிக்கு வரி சேர்ந்து பாடகரின் மூச்சையே வாங்கிவிடும்.

கோரஸில் ஆங்கிலப் பாடல்களைப் பார்த்து வரியின் இறுதியில் இயைபு தேடி அலையவும் வேண்டாம். தமிழுக்கு மோனையும் எதுகையும் வரியின் தொடக்கத்தில் அமைவதே இயல்பு. கூட்டம் சேர்ந்து கத்த வேண்டிய வரியில், முதல் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அடுத்த வரியின் முதல் சொல் வாய்க்கு வந்துவிட வேண்டும். பழனிக்குப் போகும் காவடிக் குழுக்கள் சிந்து பாடும்போது, பாட்டைத் தெரியாதவர்களும் இரண்டாம் சுற்றில் சேர்ந்துகொள்வதைக் கவனியுங்கள்.

உங்கள் பாடுபொருளில் தண்ணீர் இல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும்; அது எப்போது வரும் என்று வாய்க்காலைப் பார்த்து நிற்கும் தகப்பன்மாரின் பிள்ளைகள்தானே நீங்கள்? அந்தக் கோபத்துக்கு இதைவிடப் பொருத்தமான இசை கிடையாது. பத்தாவது பாடலாக அதை எழுதுங்கள்.

மறுமொழி: கோவை ஒலிப்பதிவாளன்

பணத்தை டிரம்ஸுக்கே செலவிடுங்கள். மிக்ஸிங் பிடிக்காவிட்டால் ஆறு மாதம் கழித்துக்கூட மீண்டும் செய்துகொள்ளலாம், ஆனால் மோசமாகப் பதிவான டிரம்ஸை எந்த மிக்ஸிங்காலும் மீட்க முடியாது. நல்ல அறையை டிரம்ஸுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, கிதாரையும் குரலையும் வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளலாம். அறைக்கு வருவதற்கு முன் ஸ்னேருக்கு, அதாவது டிரம்ஸில் கணீரென ஒலிக்கும் சிறு முரசுக்கு, புதிய தோல் மாற்றி, ஒவ்வொரு பாடலுக்கும் இடையில் சுருதியைச் சரிபாருங்கள். மேலே தொங்கும் இரண்டு மைக்குகளும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி கயிறு வைத்து அளந்து பொருத்துங்கள். தூரம் வேறுபட்டால் ஸ்னேரின் ஒலி இரு மைக்குகளுக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்து மெலிந்துவிடும்.

டிரம்ஸ் பதிவாகும்போது நீங்களும் உடன் நின்று பேஸை வாசியுங்கள். வேகம் மாறாமல் இருக்கக் காதில் ஒலிக்கும் கிளிக்கைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் அதை விடுத்தால் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி நிற்பது அவசியம்.

கிதாரை இடப்பக்கத்துக்கு ஒரு முறையும் வலப்பக்கத்துக்கு இன்னொரு முறையும் தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒன்றையே படியெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் ஒலிதான் கூடும். கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை மேடையில் வைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். இரண்டு கிதார்கள் சேரும்போது அது தானாகவே தடிக்கும், பவர் கார்டில் சேர்த்து மீட்டும் இரு சுரங்களும் தெளிவாகக் கேட்கும். கூட்டுக் குரலுக்கு நால்வரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடி, பிறகு இடம் மாறி நின்று இன்னொரு முறை பாடுங்கள். மிக்ஸிங்குக்குப் பின் வரும் இறுதி மெருகான மாஸ்டரிங்கில், உரக்கக் கேட்க வேண்டும் என்று ஒலியை எல்லைவரை நசுக்கச் சொல்லாதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவையொட்டி எல்லாப் பாடல்களையும் சமப்படுத்தியே ஒலிக்கச் செய்கின்றன. நசுக்கியதால் உயிர் போகுமே தவிர, உரக்கக் கேட்காது.

மறுமொழி: பீருமேட்டு ரசிகை

நானும் எல்லைக்காரிதான், ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ் உங்கள் தமிழிலிருந்து மாறுபட்டது. அதனால் பாடகரின் அச்சத்தை முற்றிலும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பேச்சை மாற்றாமலே அந்த அச்சத்தைப் போக்க முடியும்: மலையாளச் சொல் மிகுந்த பாடலை முதலில் வைக்காமல் நடுவில் வையுங்கள், வெளியிடும்போது எல்லா வரிகளையும் தமிழில் எழுத்துப் பிழையின்றிச் சேர்த்துக் கொடுங்கள். வரிகளைப் படித்துக்கொண்டே கேட்கும் வழக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் உண்டு.

கேட்டவர்: வேலந்தாவளம் பேஸ்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை பாடகரிடம் இந்த மாத்திரைக் கணக்கைக் காட்டினேன். ஒரு கோரஸைப் பழைய பேச்சுக்கே திருப்பிப் பாடினார், மூச்சு முட்டவில்லை. தண்ணீர்ப் பாட்டுக்கு டிரம்மர் ஒரு தொடக்கம் வாசித்து வைத்திருக்கிறார். திரைப்பாடல் பற்றி மட்டும் யாரேனும் தெளிவுபடுத்த வேண்டும்.

மறுமொழி: கொல்லங்கோட்டுக்காரன்

அதை மேடைக்கு வைத்துக்கொண்டு ஆல்பத்திலிருந்து விட்டுவிடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவின்படி, முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பாடலை வேறொருவர் மறுபதிவு செய்யலாம். ஆனால், உரிமையாளருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான உரிமைத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும். தொழில்நுட்பத் தேவைக்கு அப்பாற்பட்ட மாற்றம் எதையும் வரியிலோ இசையிலோ செய்யக் கூடாது என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. மெல்லிய பாடலை இரட்டை வேகத்தில் பவர் கார்டுகளாக மாற்றுவது அந்த வரம்புக்குள் நிற்கும் என்று நான் நம்பவில்லை. உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி கிடைத்தால் மட்டுமே அதை எண்ணிப் பார்க்கலாம்.

உங்கள் சொந்தப் பாடல்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வரி, இசை, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் சட்டத்தில் தனித்தனி உரிமைகள். 2012-இல் வந்த திருத்தம் உறுதிசெய்த உரிமைத்தொகைப் பங்கு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கிடைக்க வேண்டுமானால், அவர்கள் யார் என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். ஒவ்வொரு பாடலுக்கும் வரி யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பாட்டின் தொடக்கத்தை வாசித்த டிரம்மரின் பெயரும் அந்தத் தாளில் இருக்கட்டும். இதை முடித்துவிட்டுப் பதிவு அறைக்கு முன்பணம் கட்டுங்கள்.