சார்ஜிங் முனையில் களிம்பு: சுத்தம் செய்தால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். என் கைப்பேசியின் டைப்-சி துளையில் கேபிளை ஒரு பக்கமாகச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது; புரட்டிச் செருகினால் ஏறுவதில்லை. ஒரு வாரமாக நீரே படாமல் இருந்தும், ஈரம் இருப்பதாக எச்சரிக்கை அவ்வப்போது வருகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, கேபிள் முனையில் இரண்டு பின்கள் கறுத்திருந்தன. துளையின் நடுவிலுள்ள மெல்லிய தகட்டில் ஓரிடத்தில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. இயர்பட்ஸ் பெட்டிக்குள் இருக்கும் சிறு முனைகளிலும் அதே பச்சை தெரிகிறது. உடற்பயிற்சியின்போது இரண்டும் என்னுடன் இருப்பதால் வியர்வைதான் காரணம் என்று நினைக்கிறேன். இதை வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா, எந்த நிலையில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நீங்கள் பார்த்த பச்சை, செம்பில் பிடிக்கும் களிம்புதான். இந்தப் பின்கள் செம்புக் கலவையால் ஆனவை. அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தங்க முலாம் என்ற வரிசையில் பூசப்பட்டிருக்கும். பச்சை வெளியே தெரிகிறது என்றால் அந்த இடத்தில் முலாம் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். வியர்வை மட்டும் இவ்வளவு வேகமாக அரிக்காது. உப்பு கலந்த ஈரம் இருக்கும்போது 5 வோல்ட் மின்சாரமும் பாய்ந்தால், நேர்முனைப் பின்னின் உலோகம் மின்னாற்பகுப்பினால் கரைந்து வெளியேறத் தொடங்குகிறது. அதனால்தான் எல்லாப் பின்களும் ஒரே மாதிரி கெடாமல், மின்சாரம் ஏந்தும் பின்கள் முதலில் கறுக்கின்றன. கைப்பேசி நீர்புகா வகையாக இருந்தாலும் இதிலிருந்து தப்பாது, ஏனெனில் அந்தக் காப்பு உட்பகுதிக்குத்தானே தவிர வெளியே திறந்திருக்கும் பின்களுக்கு அல்ல.

கறுத்த கேபிளைத் தயவுசெய்து இன்றே ஒதுக்கிவிடுங்கள். அதைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தினால், சொரசொரப்பான அதன் பின்கள் துளையில் எஞ்சியிருக்கும் முலாமையும் சுரண்டிவிடும்.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் கேபிளை மாற்றினால் மட்டும் இவருடைய குறை தீராது. டைப்-சி முனையில் 24 பின்கள் உள்ளன. மின்சாரத்துக்கு நான்கு, தரைக்கு நான்கு என்று இரு வரிசையிலும் இருப்பதால், எந்தப் பக்கம் செருகினாலும் அவை ஒன்றுபோலவே பொருந்தும். கேபிள் செருகப்பட்டிருப்பதை உணர்த்தும் இணைப்பு மட்டும் கேபிளில் ஒரே கம்பியாக வருகிறது. அது எந்தப் பக்கமாகச் செருகுகிறோமோ அதற்கேற்பத் துளையில் உள்ள இரண்டு பின்களில் ஒன்றைத் தொடும். ஆகவே ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் துளையில் உள்ள அந்த இரண்டில் ஒன்றுதான் மறைக்கப்பட்டிருக்கிறது. பொய்யான ஈர எச்சரிக்கைக்கும் படிந்த உப்பே காரணமாகலாம், ஏனெனில் பின்களுக்கிடையே மின்கசிவு இருக்கிறதா என்று பார்த்தே கைப்பேசி அதைத் தருகிறது.

சுத்தம் செய்ய 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே ஏற்றது. 70 விழுக்காட்டில் மீதி பெரும்பாலும் தண்ணீர். கைப்பேசியை அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்துக்கொண்டு, அடியில் அடைந்திருக்கும் பஞ்சை முதலில் மெல்லிய மரக்குச்சியால் ஓரமாக வருடி எடுங்கள். சட்டைப்பையின் நூல் துகள்கள் அங்கே கெட்டியாக இறுகி, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிறகு மயிர்களைக் குட்டையாக வெட்டிய மென்மையான பல்துலக்கியில் ஆல்கஹாலைத் தொட்டு, தகட்டின் இருபுறமும் நீளவாக்கில் தேய்த்து, முழுதும் உலர ஒரு மணி நேரம் விடுங்கள். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள். அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது, நெம்பினால் ஒடிந்துவிடும்.

மறுமொழி 3

இயர்பட்ஸ் பெட்டியைப் பற்றி ஒரு சொல். அங்குள்ள முனைகள் சிறு சுருள்வில்லின் மேல் நிற்பவை. ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் கரைந்த களிம்பு வில் இருக்கும் குழிக்குள் இறங்கி முனையை இறுக்கிவிடும். என் கைக்கடிகாரச் சார்ஜரில் அப்படித்தான் ஒரு முனை அமுங்கியபடியே நின்றுவிட்டது. பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்துவிட்டு, முனையின் தலையை மட்டும் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. உளுந்தளவு பஞ்சு உருண்டை வெளியே வந்தது. புதிய கேபிளில் இப்போது இருபக்கமும் சார்ஜ் ஏறுகிறது, எச்சரிக்கையும் வரவில்லை. ஆனால் பச்சை இருந்த இடத்தில் செம்பு நிறத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

இப்போதைக்கு விடலாம், ஆனால் அந்தப் புள்ளியில் களிம்பு திரும்பும். சார்ஜ் ஏறும்போது முனையைத் தொட்டுப் பாருங்கள். 3 ஆம்பியர் பாயும் இணைப்பில் 0.1 ஓம் தடை கூடினாலே 0.9 வாட் வெப்பம் அந்தச் சிறு இடத்தில் உண்டாகும். கைப்பேசியைவிட முனை அதிகமாகச் சுடுகிறது என்றால் துளையை மாற்றக் கொடுத்துவிடுங்கள். பயிற்சி முடிந்து வந்ததும் கேபிளைச் செருகாமல், துடைத்து உலரவிட்ட பிறகே செருகுங்கள். இன்னொன்று: பழைய செவ்வக முனைச் சார்ஜரில் மாட்டிய கேபிளின் மறுமுனையில் 5 வோல்ட் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும், இருமுனையும் டைப்-சி ஆனால், இணைப்பை உணர்ந்த பிறகே மின்சாரம் வரும். ஈரக் கை படக்கூடிய இடத்தில் இரண்டாவது வகையையே வைத்துக்கொள்ளுங்கள்.