மாங்குளம் இரண்டு தரம் வருகிறது, அவசரம்

கச்சான்கொட்டை:
வணக்கம். ரியூசனில் தந்த புரோகிராமிங் கணக்கு. ஒரு வரியில் பஸ் ரிக்கற் ஊர்ப்பெயர்கள் இருக்கும். எந்த ஊருக்கு எத்தனை ரிக்கற் என்று எண்ண வேண்டும். மாங்குளம் 3 வரவேண்டும், எனக்கு 1 என்றும் 2 என்றும் தனித்தனியாக வருகிறது. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். நாளைக்குக் காட்ட வேண்டும்.

ஓமந்தையான்:
தம்பி, எந்த மொழி? கோட் எங்கே? அந்த வரி எங்கே?

கச்சான்கொட்டை:
பைதன் அண்ணா. வரியைக் கொமாவில் வெட்டி, அதாவது ஸ்பிளிற் பண்ணி, டிக்‌ஷனரியில் ஒவ்வொன்றாகக் கூட்டுகிறேன்.

குளக்கட்டு:
பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோட்டுக்கு மாற்றிய எழுத்தா? என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை அங்கேதான்.

பழையவன்:
ஸ்பிளிற் என்ன செய்கிறது என்று பார்க்காமலே கேள்வி. நாங்கள் பேப்பரில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கீபோர்ட்டைத் தொட்டோம்.

ஓமந்தையான்:
சரி ஐயா, பிள்ளை படிக்கட்டும். தம்பி, அந்த வரியைப் போடும்.

கச்சான்கொட்டை:
மாங்குளம், முறிகண்டி, மாங்குளம்,கிளிநொச்சி, மாங்குளம்,கிளிநொச்சி
இப்போதுதான் பார்த்தேன், கிளிநொச்சியும் 1, 1 என்று வருகிறது.

ஓமந்தையான்:
லிஸ்ற்றை அப்படியே பிரின்ற் பண்ணும். மேற்கோள்குறிக்குள் முதல் மாங்குளத்துக்கு முன்னால் ஒன்றும் இராது, மற்ற இரண்டுக்கும் முன்னால் ஓர் இடைவெளி நிற்கும். பைதனுக்கு அவை வேறு ஊர்கள். கூட்டுவதற்கு முன் ஸ்ரிப் போடும், ஓரத்து இடைவெளி போய்விடும்.

குளக்கட்டு:
கிளிநொச்சி இரண்டுக்கும் முன்னால் இடைவெளியே இல்லையே! இரண்டுக்கும் லென் போட்டு நீளத்தைப் பாரும்.

கச்சான்கொட்டை:
ஒன்று 10, மற்றது 11.

குளக்கட்டு:
சொன்னேனே! ஒன்றில் 'நொ'வின் குறி ஒரே குறியீடு. மற்றதில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோட்டேட்டா மொடியூலில் நோர்மலைஸ் இருக்கிறது, என்எஃப்சி என்று கொடும், இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

பழையவன்:
கிளிநொச்சி ஐந்து எழுத்து. 10 என்று சொல்கிற லென்தான் பிழை.

குளக்கட்டு:
லென் எழுத்தை எண்ணவில்லை, யூனிகோட் குறியீட்டை எண்ணுகிறது. கி என்றால் க ஒன்று, விசிறி ஒன்று. 'ச்' என்றால் ச ஒன்று, புள்ளி ஒன்று.

பழையவன்:
புள்ளியை எழுத்தோடு சேர்க்காமல் எண்ணுகிறவன் தமிழ் படித்தவனா?

குளக்கட்டு:
பைதன் தமிழ் படிக்கவில்லை ஐயா. பாமினியில் 'நொ'வுக்கு மூன்று விசை தட்டினோமே, அப்போது ஏன் பேசவில்லை?

பழையவன்:
பாமினியை இதற்குள் இழுக்க வேண்டாம்.

கச்சான்கொட்டை:
மாங்குளம் 3, கிளிநொச்சி 2, முறிகண்டி 1. வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி, போனில் சார்ஜ் இல்லை.

ஓமந்தையான்:
நோர்மலைஸ் போட்டீரா, இல்லை இரண்டாவது கிளிநொச்சியை அழித்துவிட்டுக் கையால் அடித்தீரா? ரியூசனில் வேறு வரி தருவார்கள்.

ஓமந்தையான்:
தம்பி?