பாவாடமலை (சிவனொளிபாத மலை): நல்லதண்ணி ஊர்ப் பக்கமா ஏறி இரத்தினபுரி பக்கம் இறங்கலாமா?

கொட்டகலைப் பையன்:
வணக்கம். நாங்க அஞ்சு பேர், ஒரே தோட்டத்து லயத்துல வளர்ந்தவங்க, இப்ப கொழும்புல வேலை. தைப் போயாவுக்கு, அதான் பௌர்ணமிக்கு, சிவனொளிபாதம் போறோம். நல்லதண்ணியால பல தடவை ஏறியாச்சு. இந்த முறை அந்தப் பக்கம், இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலைக்கு இறங்கலாம்னு ஒருத்தன் ஒத்தக்கால்ல நிக்கிறான். இன்னொருத்தன் புட்போல் ஆடி முழங்காலை ஒடைச்சுக்கிட்டவன். "ஏறுறதுதான் கஷ்டம், இறங்க என்ன?"ங்கிறான். சரிவருமா?

மஸ்கெலியாக்காரன்:
தம்பி, அந்த முழங்கால்காரனைக் கூட்டிக்கிட்டு அங்கிட்டு இறங்காதீங்க.

நாங்க நாலு பேர் அப்பிடித்தான் இறங்கினோம். ஹெரமிட்டிப்பான வரைக்கும் சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் வந்தோம். அங்கதான் எரத்ன பாதையும் பலாபத்தலைப் பாதையும் பிரியுது. அதுக்குக் கீழ படின்னு சொல்றதெல்லாம் பாதி பாறைதான். ஒண்ணு சாண் உயரம், அடுத்தது இடுப்புக்குக் கொஞ்சம் கீழ. விடியக்காலம் அந்தப் பக்கம் மலையோட நிழல்ல கிடக்கும், பாறை காயவே காயாது. பச்சைப்பாசி மேல காலை வைச்சா வழுக்கும்.

கூட வந்தவன் ஒருத்தனோட சப்பாத்து அடி பாதி வழியில வாயைத் தொறந்துருச்சு. சாரத்து ஓரத்தைக் கிழிச்சுக் கட்டினோம், பத்து நிமிசத்துல அவுந்து விழும். இன்னொருத்தன் முட்டி மடங்காம, ஒவ்வொரு பாறையிலயும் உக்காந்து உக்காந்து குண்டியால இறங்கினான். ஏழு மணிக்குத் தொடங்கி கீழ வரும்போது ரெண்டரை. நடுவுல முடியலைன்னா வண்டி வராது, ஆள்தான் தூக்கணும். எனக்குப் பெருவிரல் நகம் ரெண்டும் கறுத்து, ரெண்டு மாசம் கழிச்சு விழுந்துச்சு.

இன்னொண்ணு, போயா அன்னிக்குப் போகாதீங்க. உச்சிக்குக் கீழ மஹகிரிதம்பன்னு செங்குத்தா ஒரு இடம் இருக்கு, அதுக்குக் கிட்ட கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரே படியில அரை மணிநேரம் குளிர்ல நின்னிருக்கேன். மார்கழிப் போயாவுல இருந்து வைகாசி வெசாக் போயா வரைக்கும் சீசன் இருக்கே, ஒரு செவ்வாய், புதன் பாத்து லீவு போடுங்க.

இரத்தினபுரி அக்கா:
அண்ணன் சொன்னது சரி, ஆனா எங்க பக்கத்தை ரொம்பத்தான் பயமுறுத்துறீங்க! கூட்டம் குறைவு, காடும் தண்ணியும் அவ்வளவு அழகு. நல்ல முட்டி உள்ளவங்க தாராளமா வரலாம். ஆளுக்கொரு கம்பு, புதுச் சப்பாத்து வேணாம், பழகினது போடுங்க. முதல் நாள் மழை பேஞ்சிருந்தா அட்டை ஏறும். காலுறையில சவக்காரத்தை ஈரத்தோட தேய்ச்சுக்கங்க. ஏறினதைப் பிய்க்காதீங்க, உப்புத்தண்ணி தொட்டா தானே விழும். பலாபத்தலையில பஸ் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைங்க.

கொட்டகலைப் பையன்:
நன்றி அண்ணே, அக்கா. புதன்கிழமைன்னு முடிவாயிருச்சு. முழங்கால்காரன் வந்த வழியே நல்லதண்ணிக்கு இறங்குறான், துணைக்கு நான். ஏறின தடவைக்கு ஒரு மணின்னு உச்சியில அடிப்போமே, அதுல அவன் கணக்கு ஒன்பது, என் கணக்கு ஏழு. அதையே இப்ப வரைக்கும் சொல்லிக் காட்டிக்கிட்டு இருக்கான்.