குட்டைத் துப்பாக்கி, ஒற்றைத் தோட்டா: என் மான் வேட்டை அனுபவம்

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கிறேன். நம் ஊரில் மானைச் சுட்டால் சிறைதான், 1972 வனவுயிர்ச் சட்டம் அப்படி. இங்கே நவம்பர் 15 வந்தால் என் அலுவலகத்தில் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டுக் காட்டில் இருப்பார்கள். உடன் வேலை பார்க்கும் ஒரு பெரியவர்தான் என்னைக் கூட்டிப் போய்ப் பழக்கினார். பாதுகாப்பு வகுப்பை முடித்து, உரிமம் எடுத்து, 2020இல் சொந்தமாக ஒரு சிங்கிள் ஷாட் ரைபிள் வாங்கினேன். பேரலை மடக்கித் திறந்து, ஒரு தோட்டாவைப் போட்டு மூடும் வகை. ஹென்றி, சிவிஏ என்ற இரண்டு கம்பெனிகளிலும் இந்த வகை கிடைக்கிறது.

ஏன் ஒற்றைத் தோட்டா என்று எல்லோரும் கேட்டார்கள். முதல் காரணம் நீளம். மற்ற ரைபிள்களில் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் முன்னும் பின்னும் ஓட வேண்டும், இதில் அந்த இடம் தேவையில்லை. அதனால் அதே பேரல் நீளத்தில் மொத்தத் துப்பாக்கி ஏறக்குறைய 4 அங்குலம் குட்டை. சின்ன மறைவுக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து சத்தமில்லாமல் திருப்பிப் பார்த்தால்தான் அந்த 4 அங்குலத்தின் அருமை தெரியும்.

தோட்டாவைப் பொறுத்தவரை சட்டமே பாதி முடிவு செய்துவிட்டது. நான் வாங்கியபோது தெற்கு மிச்சிகனில் ரைபிள் என்றால் தோட்டாவின் உறை கழுத்து சுருங்காமல் நேராக இருக்க வேண்டும், குண்டின் விட்டம் .35 அங்குலம் அல்லது அதற்கு மேல், உறை நீளம் 1.16 முதல் 1.80 அங்குலத்துக்குள். .350 லெஜெண்ட் என்ற தோட்டாவின் உறை 1.71 அங்குலம், சரியாகப் பொருந்தியது. சுடும்போது தோளில் விழும் உதையும் குறைவு. 100 யார்டுக்குக் குறி வைத்தால் 200 யார்டில் ஏறக்குறைய ஒரு சாண் இறங்கிவிடும். நான் 120 யார்டைத் தாண்டிச் சுடுவதில்லை என்பதால் அது எனக்குப் பிரச்சினையே இல்லை.

இனி நான் செய்த தவறுகள். 2 முதல் 7 மடங்கு பெரிதாக்கும் சின்ன ஸ்கோப்பை ஆகஸ்டில், பனியனோடு உட்கார்ந்து மாட்டினேன். கண்ணுக்கு அழகாக நிறைந்து தெரிந்தது. ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் ஸ்க்ரூக்களை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 15 இஞ்ச் பவுண்டுக்கு முறுக்கி, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நவம்பரில் தடிக் கோட்டுக்கு மேல் தோளில் வைத்தால், தோளில் பதியும் பின்கட்டை முன்னால் தள்ளி நின்றது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி கூடி, படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்தது. கட்டையின் நீளத்தையும் ஸ்கோப்பின் இடத்தையும் காட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று ஹேமர், அதாவது சுடுவதற்கு முன் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து ஏற்ற வேண்டிய சுத்தியல். ஸ்கோப் மாட்டியதும் அது ஹேமருக்கு நேர் மேலே வந்துவிடும், கட்டைவிரல் நுழைய இடம் இருக்காது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் துணைக்கம்பி விற்கிறார்கள். முதல் வருடம் அதை வாங்காமல் விட்டேன். வாட்டர்லூ காட்டில், இரண்டாம் நாள் காலை ஏழே முக்கால் இருக்கும், கொம்புள்ள ஒரு ஆண்மான் 50 யார்டில் வந்து நின்றது. கையுறை விரலால் ஹேமரை இழுத்தேன், பாதியில் வழுக்கி டக்கென்று திரும்பியது. நல்ல வேளை, வெடிக்கவில்லை. மான் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது. வெள்ளை வால் மேலே எழுந்தது, அவ்வளவுதான், போய்விட்டது. அன்று வீடு திரும்பும்போது மான் போன வருத்தத்தைவிட, ஆயத்தத்தை அரைகுறையாகச் செய்துவிட்டுக் காட்டுக்குள் போனோமே என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது. மறுவாரமே துணைக்கம்பியை வாங்கி மாட்டினேன். காலித் துப்பாக்கியை வைத்து, கையுறையோடு ஏற்றி இறக்கித் தினமும் பழகினேன்.

குறி சரிபார்ப்பதிலும் ஒரு பாடம் உண்டு. பேரலையே மணல் பையில் சாய்த்துச் சுட்டபோது எல்லாம் நான்கு அங்குலம் மேலே போனது. பையைப் பின்னால் நகர்த்தி, பேரல் மடங்கும் மூட்டுக்குப் பக்கத்தில், பேரலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டைக்கு அடியில் கொடுத்ததும் தோட்டாக்கள் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்தன. முதலில் 25 யார்டில் தொடங்குங்கள். ஒரு கிளிக் திருப்பினால் 100 யார்டில் ஏறக்குறைய கால் அங்குலம் நகரும் ஸ்கோப்பில் (கால் எம்ஓஏ என்பார்கள்) 25 யார்டில் ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக், 100 யார்டில் 4 கிளிக். பேரல் மெல்லியது, சீக்கிரம் சூடாகும். மூன்று முறை சுட்டதும் திறந்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். காட்டில் சுடப்போவது எப்போதும் ஆறிய பேரலில் முதல் தோட்டா. அது எங்கே போகிறது என்பதைத்தான் நான் பேப்பரில் குறித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வருடம் அதே காட்டில் 60 யார்டில் ஒரு பெண்மான், பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி. சுட்டவுடனே கையிலிருந்த இரண்டாவது தோட்டாவைப் போட்டு மூடிவிட்டேன், அது தேவைப்படவில்லை. அரைமணி நேரம் அசையாமல் இருந்துவிட்டு இறங்கிப் பார்த்தால் ஓக் சருகின் மேல் இளஞ்சிவப்பாக, நுரையோடு ரத்தம். நுரையீரலில் பட்டதற்கு அதுதான் அடையாளம். நாற்பது தப்படியில் விழுந்து கிடந்தது. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

நான் ஓஹையோ. இங்கே 2014இலிருந்து நேர் உறைத் தோட்டா ரைபிளுக்கு அனுமதி. என்னிடம் இருப்பது பழைய ஹெச் அண்ட் ஆர் ஹேண்டி ரைபிள், .45-70. தயாரிப்பு 2015இல் நின்றுவிட்டது, செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். நீங்கள் சொன்ன அளவுக்கு இந்த உறை நீளம் கூடுதல், அந்த விதிப்படி அங்கே செல்லாது. எடை குறைந்த துப்பாக்கியில் இந்தத் தோட்டா தோளைப் பதம் பார்க்கும், நல்ல ரப்பர் பேட் போட்ட பிறகுதான் எனக்கு விசையை அழுத்தும்போது கண் மூடுவது நின்றது.

குறி அலைந்துகொண்டே இருந்தால் முன்கட்டையைப் பாருங்கள் அண்ணே. அதைப் பிடிக்கும் ஸ்க்ரூ போகும் இடத்தில், கட்டைக்கும் பேரலுக்கும் நடுவே ஒரு ரப்பர் ஓ-ரிங் வைத்தேன். கடையில் சில்லறைக் காசு. கட்டை பேரலை அழுத்துவது குறைந்து, 100 யார்டில் மூன்று அங்குலத்துக்குச் சிதறி விழுந்த தோட்டாக்கள் ஒன்றரை அங்குலத்துக்குள் வந்தன. ஸ்க்ரூவை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு முறுக்க வேண்டும், அது முக்கியம்.

*

நாங்கள் இந்த ஒற்றைத் தோட்டா ரைபிளை என் மனைவிக்காக வாங்கினோம், அவளுக்கு உயரம் ஐந்தடி. கடையில் தந்த கட்டை 14 அங்குலம், கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். 12.5 அங்குலக் கட்டை மாற்றியதும் கன்னம் தானாக வந்து உட்கார்ந்தது. பேரல் முனையில் வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் பிரேக் இருந்தால் உதை குறையும், ஆனால் சத்தம் காதைப் பிளக்கும், காட்டிலும் காதுக் கவசம் போடுங்கள்.

போன சீசனில் 70 யார்டில் ஒரு பெண்மான் வந்தது. ஹேமரை ஏற்றிவிட்டாள். அதன் பின்னால் புதருக்குள் இன்னொன்றின் காது அசைந்தது, குட்டி. தோட்டா ஊடுருவிப் போகும் என்று ஹேமரை மெதுவாக இறக்கிவிட்டாள். இரண்டும் ஓடைப் பக்கம் இறங்கிப் போகும்வரை நாங்கள் மூச்சுவிடவில்லை.