புதுப்பிப்பு: அமேசான், ஃப்ளிப்கார்ட்டில் பனையோலைப் பெட்டி விற்பது

சொந்தத் தளத்தில் விற்கும் பனையோலைப் பெட்டிகளை அமேசான், ஃப்ளிப்கார்ட்டில் ஏற்றுவது பற்றிய முந்தைய பதிவில் கமிஷன் கணக்கைப் பார்த்தோம். அதன்பின் பலர் கேட்டது அனுப்புகூலியும் வரியும்.

லாபத்தைத் தின்பது பெரும்பாலும் அனுப்புகூலிதான். கூரியர் உண்மை எடையையும், பார்சல் அடைக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடும் எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்கே கூலி போடும். இந்த இட எடையைக் கண்டுபிடிக்க, பார்சலின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுங்கள். 30×25×20 என்றால் 3 கிலோ. உள்ளே இருக்கும் ஓலைப்பெட்டி 600 கிராம்தான் என்றாலும் கட்டணம் 3 கிலோவுக்கே. அளவு வாரியாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, மூன்று பெட்டிகளை ஒரே செட்டாகப் போடுங்கள். அதே கூலி மூன்றுக்கும் பிரியும். டேப் ஒட்டிய பிறகே அளவெடுங்கள். காலி அட்டைப்பெட்டியை அளந்து பதிந்தால், நிரப்பியதும் பக்கங்கள் உப்பி, கூரியர் மறுஅளவில் கூலி அதிகமான அடுத்த எடைப் பிரிவுக்குத் தள்ளிவிடும்.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால், 2023 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே மாநிலத்துக்குள் இத்தளங்களில் விற்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் பான் கொடுத்து ஒரு எண் மட்டும் வாங்க வேண்டும். வெளிமாநில ஆர்டர் எடுக்க பதிவு கட்டாயம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு அமேசான், ஃப்ளிப்கார்ட் 0.5% டிசிஎஸ் (விற்பனைத் தொகையிலிருந்து தளமே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கும். ஜிஎஸ்டி தளத்தில் நீங்களே அதை ஏற்றுக்கொண்டால்தான் அங்குள்ள உங்கள் ரொக்கக் கணக்கில் (வரி கட்டப் பயன்படும் இருப்பு) சேரும். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள், அது உங்கள் பணம்.